ஒரு கேள்வி, மூன்று பதில்

அத்தியாயம் ஒன்பது

போன வாரம் அந்தத் தொலைபேசிப் பேச்சு முடிந்ததிலிருந்து வீட்டில் யாருக்கும் சோறு சோறாக இறங்கவில்லை.

நினைவிருக்கும். குழந்தைகள் இல்லத்தின் அதிகாரி அம்மா கூப்பிட்டு, "உங்க வீட்டுல கடவுள் நம்பிக்கையெல்லாம் எப்படி?" என்று சாதாரணமாகத்தான் கேட்டார். போன் ஸ்பீக்கரில் இருந்தது. "இல்லை" என்றாள் திருப்புளி. அதே மூச்சில், "தெரியாது" என்றான் அவள் கணவன்.

அதிகாரி அம்மா சொன்னார். "சனிக்கிழமை குழந்தையைக் கூட்டிக்கிட்டு வர்றேன். அதுக்குள்ள ரெண்டு பேரும் பேசி ஒரு வார்த்தைக்கு வாங்க. தத்துக் குழு என்கிட்ட ஒரு வார்த்தைதான் கேக்கும்."

சனிக்கிழமை வந்துவிட்டது. வார்த்தை வரவில்லை.

இடையில் வந்து சேர்ந்தவர்களுக்காக ஒன்று சொல்லிவிட வேண்டும். திருப்புளி என்பது அவளுக்கு வேலை வைத்த பெயர். லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனியில் சேர்ந்த நாள்முதல் இடுப்பில் அந்த ஸ்க்ரூடிரைவர் இல்லாமல் அவளை யாரும் பார்த்ததில்லை. கல்யாணத்தன்றும் எங்காவது செருகியிருப்பாள் என்று கூட்டாளிகள் பந்தயம் கட்டினார்கள். கணவனுக்கு வானிலை மையத்தில் உத்தியோகம். மழையும் காற்றும் எப்போது வரும் என்று கணித்துச் சொல்பவன். அதனால் வீட்டில் அவன் பெயரே வானிலை. 'இன்னிக்கு வீட்டுக்குச் சீக்கிரம் வருவீங்களா' என்று கேட்டால்கூட 'வாய்ப்பு இருக்கு' என்பான். மூன்றாவது ஆள், அவனுடைய அக்கா. தலைமை நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். கடவுளை நினைக்காமல் ஒரு ஊசிகூடப் போட்டதில்லை என்று சொல்பவர். வார்டை அதட்டிய குரல் இன்னும் அப்படியே இருந்தது.

தத்துக்கு வரப்போகிற குழந்தைக்கு ஆறு வயது. உருண்டை முகம், குட்டி உருவம். இல்லத்தில் எல்லாரும் பட்டாணி என்றார்கள். அப்பா யாரென்று தெரியாது. அம்மா சென்ற வருஷம் நோயில் போய்விட்டாள். "அம்மா மேலேர்ந்து உன்னையே பாத்துக்கிட்டு இருக்காங்க" என்று யாரோ ஆறுதல் சொல்லியிருக்கிறார்கள். அன்றிலிருந்து பட்டாணி ஜன்னல் பக்கத்தில்தான் உட்காருவாள். குளியலறைக் கதவைச் சாத்த விடமாட்டாள். அழவும் மாட்டாள்.

"நான் சொல்றதைக் கொஞ்சம் கேளு," என்றான் வானிலை. காப்பி ஆறிக்கொண்டிருந்தது. "ரெண்டு பேருமே அறியொணாவாதின்னு சொல்லிடலாம். பிரச்சினை முடிஞ்சுது."

"அறி... என்னடா அது?" என்றார் நாத்தனார்.

"அறியொணாவாதி. கடவுள் இருக்காரா இல்லையான்னு மனுஷனால அறிய முடியாதுன்னு சொல்றவங்க. அக்னாஸ்டிக்."

"வாதத்துல எனக்குப் பக்கவாதம் தெரியும், முடக்குவாதம் தெரியும். இது எந்த இடத்தைப் பிடிக்கும்?"

"நாக்கை, அண்ணி," என்றாள் திருப்புளி. "இருக்குன்னும் வராது, இல்லைன்னும் வராது."

நாத்தனாருக்குச் சிரிப்பு வந்தது. கடவுள் விஷயத்தில் தம்பி மனைவியோடு ஒத்துப்போவது அபூர்வம் என்பதால் சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

வானிலை சிரிக்கவில்லை. நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டான். "உன் வேலையை வச்சே கேக்கறேன். லிஃப்ட் கயித்தைக் கண்ணால பாக்காம நல்லா இருக்குன்னு சொல்லுவியா?"

"மாட்டேன்."

"அறுந்து போச்சுன்னு?"

"அதுவும் சொல்ல மாட்டேன்."

"தெரியாதுன்னுதானே சொல்லுவே. அப்ப பாக்காத கடவுளை மட்டும் எப்படி அடிச்சு இல்லைங்கறே?"

அவள் பதிலுக்கு அலையவில்லை. "ஒரு இடத்துல லிஃப்ட்டுக்குள்ள சத்தம் கேக்குதுன்னு கூப்பிடறாங்க. நான் போறேன். மேல ஏறிப் பாக்கறேன், கீழ இறங்கிப் பாக்கறேன், கழட்டிப் பாக்கறேன். ஒண்ணும் இல்ல. என்ன சொல்லிட்டு வருவேன்? 'பழுது இல்லை'ன்னு சொல்லிட்டு வருவேன். 'இருக்கலாம், இல்லாமலும் போகலாம், அறிய முடியாது'ன்னு சொன்னா மறுநாள் எனக்கு வேலை இருக்காது. நானும் தேடிப் பாத்தவதாங்க. சும்மா வாய்க்கு வந்ததைச் சொல்லல."

"சரி. குழுவுல இருக்கறவங்க அப்படி நினைப்பாங்களா? நாத்திகம்னா சில பேருக்குக் காதே அடைச்சுக்கும். தெரியாதுன்னா யாருக்கும் கோவம் வராது."

"யாருக்கும் கோவம் வராதுங்கறதுக்காக ஒரு வார்த்தையைச் சொல்லணுமா?"

"உனக்கு வேணா அப்படித் தோணலாம்." அவன் குரல் தணிந்தது. "எனக்கு அது நெஜமாவே என் வார்த்தை."

அவள் அதைக் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. ஊருக்குப் பயந்து சொல்கிறான் என்ற எண்ணம் அவளுக்குள் ஆணி அடித்தாற்போல் இறங்கியிருந்தது. "குழந்தை கைநழுவிப் போனா என்ன பண்ணுவே" என்று அவன் அடுத்துக் கேட்டபோது மட்டும் நிமிர்ந்தாள்.

அந்த நேரத்தில்தான் கரண்ட் போயிற்று. மின்விசிறி சுழன்று சுழன்று நின்றது. தெருவே ஒரு நிமிடம் ஊமையானது.

அடுத்து வந்தது கதவு தட்டும் சத்தம். வாட்ச்மேன். நான்கு மாடி ஏறி வந்த மூச்சு இன்னும் அடங்கவில்லை.

"லிஃப்ட்டு நின்னுடுச்சும்மா. உங்க வீட்டுக்கு வந்தவங்கதான் உள்ள. ஒரு அம்மாவும் சின்னப் பொண்ணும்."

திருப்புளி எழுந்த வேகத்தில் காப்பி டம்ளர் உருண்டது. யாரும் அதைத் துடைக்கவில்லை.

அந்தக் கட்டடத்து லிஃப்ட் வேறொரு கம்பெனியின் பராமரிப்பில் இருந்தது. அவர்கள் ஆள் வராமல் அடுத்தவர் தொடக் கூடாது என்பது தொழிலில் எழுதாத சட்டம். வாட்ச்மேன் ஏற்கெனவே அவர்களைக் கூப்பிட்டுவிட்டான். ஊருக்கு அந்தக் கோடியிலிருந்து கிளம்பி வருகிறார்களாம். உள்ளே ஒரு அவசர விளக்கு எரிய வேண்டும்; அது அணைந்து போய் மாதக் கணக்காகிறது என்று அவளே குடியிருப்போர் சங்கத்தில் சண்டை போட்டிருக்கிறாள்.

உள்ளே கும்மிருட்டு. ஜன்னல் கிடையாது. உள்ளே இருப்பது கதவைச் சாத்தினாலே பதறுகிற பட்டாணி.

நாலாவது மாடிக் கதவில் காதை வைத்தாள். குரல் காலடியிலிருந்து வந்தது. மூன்றுக்கும் நாலுக்கும் நடுவில் தொங்குகிறது.

"மேடம், நான்தான். ரெண்டு பேருக்கும் ஒண்ணும் இல்லையே?"

"எனக்கு ஒண்ணும் இல்ல." அதிகாரி அம்மாவின் குரல் கறாராக இருக்கப் பார்த்து முடியாமல் உடைந்தது. "இவதான். போன்ல வெளிச்சம் போட்டுப் பாத்தேன், சார்ஜ் போயிடுச்சு. மூச்சு வேகமா வாங்கறா. சீக்கிரம் ஏதாவது பண்ணுங்க. கதவைத் திறங்க."

"இப்பத் திறந்தா நடுவுல வெறும் குழிதான் இருக்கும். கதவுகிட்ட வராதீங்க. லிஃப்ட்டை மாடிக்கு ஏத்திட்டுத் திறக்கறேன். பட்டாணி, நான் பேசறது கேக்குதா?"

"திருப்புளி ஆன்ட்டி." மிகச் சின்னக் குரல். போன மாதம் இல்லத்தில் கிறீச்சிட்ட ஊஞ்சலை அவள் சரிசெய்ததிலிருந்து பட்டாணிக்கு அவள் அப்படித்தான். "இங்க ஜன்னல் இல்ல."

"ஆமாம்டா."

"அப்ப அம்மாவுக்கு நான் தெரியறேனா?"

நாத்தனார் குனிந்து கதவோரம் வாயை வைத்தார். "தெரியறேடா கண்ணு. நல்லாத் தெரியறே. சாமிக்கும் அம்மாவுக்கும் இருட்டெல்லாம் ஒண்ணும் கிடையாது. பயப்படாதே."

பட்டாணி, "பொய்," என்றாள். "சுவரு தடிமனா இருக்கு. ஆன்ட்டி, நீங்க சொல்லுங்க. நீங்கதான் லிஃப்ட் ரிப்பேர் பண்றவங்க. இதுக்குள்ள மேலேர்ந்து தெரியுமா?"

நாத்தனார் திருப்புளியின் கையைப் பிடித்தார். பிடி இறுகியது. வாயசைப்பில் ஒரே சொல். 'சொல்லு.'

உள்ளேயிருந்தும் அதே கட்டளை வந்தது. "ஏதாவது ஆறுதலாச் சொல்லுங்க. தெரியும்னு சொல்லிடுங்க. அவ நடுங்கறா."

ஆக, பரீட்சை வைக்க வந்தவரே பதிலையும் சொல்லிக் கொடுத்துவிட்டார். 'தெரியும்' என்று ஒரே வார்த்தை. சொன்னால் குழந்தை அடங்கும். குழுவின் முன் அதிகாரி அம்மா நாலு நல்ல வார்த்தை சொல்வார். வாய் வரை வந்துவிட்டது.

ஆனால் இன்றைக்குச் சொல்லி, நாளைக்கு இந்தக் குழந்தை தன் வீட்டில் குளியலறைக் கதவைத் திறந்தே வைத்துக்கொண்டு நிற்கும்போது? பத்து வயதில், பதினைந்து வயதில், 'அன்னைக்கு ஏன் அப்படிச் சொன்னே' என்று கேட்கும்போது? திருப்புளி தரையில் மண்டியிட்டாள். நெற்றி கதவில் பட்டது. இரும்பு சில்லென்று இருந்தது.

"பட்டாணி. கேளு. உங்க அம்மா இறந்துட்டாங்க. இறந்தவங்களால பாக்க முடியாதுன்னுதான் நான் நம்பறேன். ஜன்னல் இருந்தாலும் முடியாது, இல்லைன்னாலும் முடியாது. அதனால இருட்டுல இருக்கறதால நீ எதையும் இழந்துடல. நீ அம்மா பார்வையை விட்டுத் தொலைஞ்சு போகல. புரியுதா?"

திருப்புளி வாயைக் கதவிடுக்குக்கு இன்னும் நெருக்கினாள்.

"அவங்க இருந்தவரைக்கும் உன்னைப் பாத்துக்கிட்டாங்க. இப்ப உன்னைப் பாத்துக்கறது நான். நீ எங்க இருக்கேன்னு எனக்குத் தெரியும். என் காலுக்குக் கீழ இருக்கே. இந்த லிஃப்ட்டைப் பிடிச்சுக்கிட்டிருக்கற கயிறு ஒண்ணு இல்ல, நிறைய. மேல போய் நானே சக்கரத்தைச் சுத்தி உன்னை ஏத்தறேன். கொஞ்சம் கொஞ்சமா ஆடும். அப்படி ஆடினா, அது நான்."

ஒரு விம்மல் கேட்டது. இன்னொன்று. பிறகு தடுப்பு உடைந்தாற்போல் ஒரு அழுகை. அந்தப் பெட்டிக்குள்ளிருந்து மாடிப்படி முழுவதும் எதிரொலித்தது.

"உனக்கு நெஞ்சுல ஈரமே இல்லையா?" என்றார் நாத்தனார்.

"அப்புறமாத் திட்டுங்க அண்ணி. இப்ப என்கூட வாங்க. எனக்கு ஒரு கை குறையுது." கணவன் பக்கம் திரும்பினாள். "நீங்க இங்கேயே நில்லுங்க. என் போனுக்குக் கூப்பிட்டு, வைக்காம கதவுகிட்டப் பிடிச்சுக்குங்க. அவகூடப் பேசிக்கிட்டே இருங்க."

மொட்டை மாடியில் இயந்திர அறை. வாட்ச்மேன் சாவியைத் தயங்கித் தயங்கித்தான் நீட்டினான். "வேற கம்பெனிக்காரங்க வந்து கேட்டா..."

"நான்தான் பண்ணேன்னு சொல்லு. என் பேரைச் சொல்லு."

உள்ளே எண்ணெய் வாடை. மின்சாரம் எந்த நிமிடமும் திரும்பலாம். முதலில் பெரிய சுவிட்சை இறக்கிப் பூட்டினாள். மோட்டார் முனையில் கைச்சக்கரத்தை மாட்டினாள். பக்கத்தில் பிரேக்கை விடுவிக்கிற இரும்புக் கம்பி.

"அண்ணி, இதைப் பிடிங்க. இழுங்கன்னா இழுக்கணும், விடுங்கன்னா விடணும். உள்ள ரெண்டே பேர். எதிர்ப்பக்கம் தொங்கற எடைதான் கனம். பிரேக்கை இழுத்தா லிஃப்ட் தானா மேலே வரப் பாக்கும். வேகமா வராம நான் சக்கரத்தைப் பிடிச்சுக்கறேன்."

ஆபரேஷன் அறையில் நின்று பழகிய கைகள். ஒரு தடவை சொன்னதே போதுமாக இருந்தது. போனை ஸ்பீக்கரில் போட்டுச் சுவரோரம் வைத்தாள் திருப்புளி. அதிலிருந்து அழுகை கசிந்துகொண்டிருந்தது.

"இழுங்க."

சக்கரம் நகர்ந்தது. அவள் தோள் இறுகியது.

"விடுங்க."

"ஒரு பச்சைக் குழந்தைகிட்ட..."

"விடுங்கன்னா விடணும் அண்ணி."

நாத்தனார் விட்டார். பிரேக் 'டக்' என்று பிடித்தது. "நான் எத்தனை பேரு சாகும்போது பக்கத்துல நின்னிருக்கேன் தெரியுமா? ஒருத்தர்கிட்டயாவது ஒண்ணும் இல்லைன்னு சொல்லியிருப்பேனா? கடைசி நேரத்துல மனுஷனுக்குப் பிடிச்சுக்க ஒரு கொம்பு வேணும்."

"நீங்க சொன்னது உங்களுக்கு நெஜம். அதனால சொன்னீங்க. அதை நான் சொன்னா பொய். இழுங்க."

இழுத்தார். அடுத்த 'விடுங்க' வரை வாயைத் திறக்கவில்லை.

போனில் அழுகை தேய்ந்து விக்கலாகியிருந்தது. அப்போது பட்டாணியின் குரல் கேட்டது. மூக்கடைத்த குரல்.

"அங்கிள். நீங்க சொல்லுங்க. அம்மா பாக்கறாங்களா?"

திருப்புளியின் கை சக்கரத்தில் அப்படியே நின்றது. அவன் என்ன சொல்லப் போகிறான் என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரியும் என நினைத்தாள். எல்லாருக்கும் நல்லவன். உள்ளே அதிகாரி அம்மா இருக்கிறார். 'ஆமாம்டா செல்லம்' என்று பூசி மெழுகுவான்.

"எனக்குத் தெரியாதும்மா," என்றான் வானிலை.

"பெரியவங்களுக்குக்கூடத் தெரியாதா?"

"எனக்குத் தெரியல. எங்க அம்மா போனப்ப நானும் ரொம்ப நாள் யோசிச்சேன். சில நாள் பாக்கறாங்கன்னு தோணும். சில நாள் ஒண்ணுமே இல்லைன்னு தோணும். ரெண்டுல எது நெஜம்னு கண்டுபிடிக்க என்கிட்ட ஒரு வழியும் இல்ல. தெரியும்னு சொன்னா உன்னை ஏமாத்தற மாதிரி. இல்லவே இல்லைன்னு சொன்னாலும் ஏமாத்தற மாதிரிதான். அதான் தெரியாதுங்கறேன்."

"அது கஷ்டமா இருக்குமா?"

"இருக்கும். பழகிக்கிட்டேன்."

இயந்திர அறையில் இரண்டு பெண்களும் அசையாமல் நின்றார்கள். மாமியார் போய் எத்தனையோ வருஷம். அவன் அதைப் பற்றி ஒரு நாளும் இப்படிப் பேசியதில்லை. சற்று முன் 'எனக்கு அது நெஜமாவே என் வார்த்தை' என்று அவன் சொன்னது இப்போதுதான் அவள் காதில் விழுந்தது. மதில்மேல் பூனை என்று இத்தனை நாள் மனசுக்குள் ஏசியிருக்கிறாள். அவன் மதிலின் மேல் குடியே இருந்திருக்கிறான், வெயிலிலும் மழையிலும்.

"இழுக்கவா?" என்றார் நாத்தனார். கண்ணைத் துடைத்துக்கொள்ள அவருக்குக் கை ஒழியவில்லை.

"இழுங்க அண்ணி."

லிஃப்ட் மாடிக்கு நேரே வந்துவிட்டதைக் காட்ட, கயிற்றில் மாடிக்கு ஒன்றாய்ப் பூசியிருந்த மஞ்சள் கோடு மெல்ல ஏறி வந்து அடையாளத்துக்கு நேரே நின்றது. திருப்புளி படிகளில் தடதடவென்று இறங்கினாள். முக்கோணச் சாவியைத் திருகிக் கதவைத் தள்ளினாள். தரைக்கு நேராக நின்றது லிஃப்ட்.

முதலில் வெளியே வந்தது பட்டாணி. முகம் முழுக்க ஈரம், மூக்கில் சளி. யாரிடம் போவது என்று தெரியாமல் நின்றாள். பின்னாலேயே இறங்கி வந்த நாத்தனார் இரு கைகளையும் நீட்டினார். பட்டாணி அங்கே போய் ஒட்டிக்கொண்டாள். திருப்புளிக்கு உள்ளே சுருக்கென்றது. அதை அவள் யாருக்கும் காட்டவில்லை.

வீட்டில் அதிகாரி அம்மா தண்ணீர் குடித்தார். குழந்தை அடுத்த அறையில் நாத்தனாரின் மடியில், விக்கலோடு ரொட்டி தின்றுகொண்டிருந்தாள். கதவு திறந்தே இருந்தது.

"உள்ள இருந்துக்கிட்டு உங்ககிட்ட ஒரு பொய்தான் கேட்டேன்," என்றார் அதிகாரி அம்மா. "நீங்க குடுக்கல. அப்ப எனக்கு வந்த கோவத்துக்கு, கதவு திறந்திருந்தா உங்க கன்னத்துல அறைஞ்சிருப்பேன்."

"புரியுது மேடம்."

"இந்தக் குழந்தை அவங்க அம்மாவைக் கொண்டு போன அன்னைக்குக்கூட அழல. அழுதா அம்மா பாத்து வருத்தப்படுவாங்கன்னு பிடிவாதமா இருந்தா. இன்னைக்கு என் மேல சாஞ்சு அழுதா. என் தோளே நனைஞ்சு போச்சு." டம்ளரைக் கீழே வைத்தார். "இது நல்லதுக்கா கெட்டதுக்கான்னு எனக்குச் சொல்லத் தெரியல."

"அப்ப நீங்களும் அந்த வாதம்தானா," என்று உள்ளேயிருந்து நாத்தனாரின் குரல் வந்தது.

அதிகாரி அம்மாவுக்கு எதுவும் விளங்கவில்லை. வானிலை மட்டும் வெகு நேரத்துக்குப் பிறகு சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு நேராக உட்கார்ந்தான்.

"மேடம், ஒரு வார்த்தை கேட்டீங்க. நீங்க வர்ற வரைக்கும் அவளை என் வார்த்தைக்கு இழுக்கப் பாத்தேன். அது தப்பு. அவ நாத்திகர். அப்படியே சொல்லுங்க. நான் தெரியாதவன். அறியொணாவாதின்னு சொன்னா குழுவுல நாக்கு சுளுக்கிக்கும்னா, தெரியாதுன்னே சொல்லுங்க."

"என் வார்த்தையையும் சேத்துச் சொல்லச் சொல்லுடா," என்றது உள்ளிருந்து குரல். "இந்த வீட்டுல சாமியும் இருக்கு."

அதிகாரி அம்மா திருப்புளியைப் பார்த்தார். "ஒரு வீட்டுக்கு மூணு பதில். நான் இதை எடுத்துக்கிட்டுப் போய் நின்னா கஷ்டம்தான். அதுல உங்களுதுதான் ரொம்பக் கஷ்டம். கடவுள் இல்லைன்னு உங்களால நிரூபிக்க முடியுமா?"

"முடியாது."

"அப்ப நீங்களும் தெரியாதுன்னு சொல்றதுல என்ன நஷ்டம்? ஒரு படி இறங்கி வந்தா எனக்குப் பேச வசதி."

திருப்புளி கைகளைப் பார்த்தாள். விரலிடுக்கில் இயந்திர எண்ணெய் கறுத்திருந்தது. இந்தக் கேள்வியைச் சற்று முன் அவன் கேட்டபோது அவளுக்கு வாதாடத் தோன்றியது. இப்போது தோன்றவில்லை.

"நிரூபிக்க முடியாதுங்கறதை ஒத்துக்கறேன் மேடம். அந்த விஷயத்துல இவர் சொல்றது சரி. ஆனா நான் எதை நம்பி வாழறேன்னுதானே கேக்கறீங்க? இல்லைன்னு நம்பித்தான் எழுந்திருக்கறேன், வேலைக்குப் போறேன், தூங்கறேன். தெரியாதுங்கறது இவருக்குச் சத்தியம். அதையே நான் சொன்னா வேஷம். இன்னைக்கு உங்களுக்காக வேஷம் போட்டு அவளை வாங்கிட்டா, நாளைக்கு அவ கேக்கும்போது கலைக்கணும். வேண்டாம். நாத்திகம்னே சொல்லுங்க."

"அதனாலயே முடியாதுன்னு சொல்லிட்டாங்கன்னா?"

"மறுபடியும் வந்து கேப்பேன். அவங்க கதவை எத்தனை தடவை சாத்தினாலும் வந்து கேப்பேன். கதவு திறக்கறதுதான் மேடம் என் வேலை."

வானிலை அவள் கையைப் பிடித்தான், எண்ணெயோடு சேர்த்து.

கரண்ட் வந்துவிட்டது. ஆனால் பட்டாணி, "படியிலயே போலாம்," என்றாள். அதிகாரி அம்மா முன்னால் இறங்கினார். பட்டாணி திருப்புளியின் விரலைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து வைத்து இறங்கினாள். வேண்டுமென்றே மெதுவாக இறங்குகிறாள் என்பது கொஞ்ச தூரம் போன பிறகுதான் புரிந்தது.

"ஆன்ட்டி. அம்மாவால நெஜமாவே பாக்க முடியாதா?"

"முடியாதுன்னுதான் நான் நம்பறேன்."

"அவங்க போனதுக்கப்புறம் நடந்தது எதுவுமே தெரியாதா?"

"தெரியாது."

பட்டாணி நின்றாள். முகத்தில் பயமும் நிம்மதியும் கலந்து கிடந்தன. அந்தக் கலவை ஆறு வயது முகத்துக்கு உரியதல்ல.

"அப்ப நான் பண்ணது அவங்களுக்குத் தெரியாது."

"என்ன பண்ணே?"

தலையை வேகமாக ஆட்டினாள். "இப்ப சொல்ல மாட்டேன். அடுத்த தடவை. உங்ககிட்ட மட்டும். நர்ஸம்மாகிட்டச் சொல்லாதீங்க. அவங்க தினம் சாமிகிட்டப் பேசறாங்கள்ல? சொல்லிடுவாங்க. சாமி அம்மாகிட்டச் சொல்லிடும்."

"அங்கிள்கிட்ட?"

பட்டாணி யோசித்தாள். "அவருக்குத்தான் எதுவும் சரியாத் தெரியலைல்ல. பாதி சொல்லலாம்."

"யாருக்கும் சொல்ல மாட்டேன்," என்றாள் திருப்புளி.

சொல்லிவிட்டு நிமிர்ந்தபோதுதான், படி திரும்புகிற இடத்தில் அதிகாரி அம்மா நிற்பதைக் கண்டாள். எவ்வளவு காதில் விழுந்தது என்று அந்த முகத்திலிருந்து கண்டுபிடிக்க முடியவில்லை.

வாசலில் பட்டாணியை வண்டியில் ஏற்றி உட்கார வைத்துவிட்டு அதிகாரி அம்மா திரும்பி வந்தார். "அவ உங்ககிட்ட ஏதோ சொன்னா."

"சொன்னா."

"என்ன?"

"அது அவ என்கிட்டச் சொன்னது மேடம்."

"அவ அம்மா போனதுக்கப்புறம் என்னவோ நடந்திருக்கு. எங்களுக்கு அதைப் பத்தி ஒண்ணுமே தெரியாது. நான் அதிகாரியாத்தான் கேக்கறேன். செவ்வாய்க்கிழமை குழு கூடுது. அவங்க முன்னாடி நிறுத்தி வச்சுக் கேட்டா?"

வண்டி ஜன்னலுக்குப் பின்னால் உருண்டை முகம் அவளையே பார்த்துக்கொண்டிருந்தது.

"கேட்டாலும் சொல்ல மாட்டேன்," என்றாள் திருப்புளி.